முதல் பாதி என்னிடம்

தண்டையார்பேட்டை பழைய பேப்பர் கடையில்
எடைக்குப் போகவிருந்ததை
பத்து ரூபாய் கொடுத்து மீட்டு வந்தாள் நசீமா.
அட்டையில் ஒரு கிணறு.
கிணற்றுக்குள்ளிருந்து ஒரு கை.
வளையல் மட்டும் அச்சுப் பிசகி
மணிக்கட்டுக்கு வெளியே, காற்றில் தொங்கிக்கொண்டிருந்தது.
எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

இரண்டு பேருக்கும் பொறுமை கிடையாது.
வஞ்சிரம் துண்டு போடும் கத்தியால்
புத்தகத்தின் முதுகில் ஒரே கீறல்.
நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் வரை எனக்கு,
மிச்சம் அவளுக்கு.
"பின்னாடிலேர்ந்து படிச்சா இன்னாடி புரியும்?"
"பயத்துக்கு இன்னாக்கா முன்னாடி பின்னாடி?"

விடியற்காலை மூன்று மணியிலிருந்து
செவுள் பிடுங்கி, குடல் உருவி
முழங்கை வரை சிவந்து நிற்கிறவர்களுக்கு
ராத்திரியிலும் ரத்தம் எதற்கு என்று கேட்கிறான் தேசப்பன்.
ஐஸ் உடைப்பவன்.
அவனுக்கு எல்லாமே வெள்ளையாகத் தெரியும்.

எழுதியவருக்குக் கத்தி பிடிக்கத் தெரியாது.
முதல் கொலையிலேயே அது தெரிந்துவிட்டது.
வயிற்றைக் கிழித்ததும் சுவர் வரை பீய்ச்சியதாம்.
பீய்ச்சாது ஐயா.
கசியும். நிதானமாக,
வரலாமா வேண்டாமா என்று யோசித்து வரும்.
சரிந்த குடலை மாலை என்கிறார்.
மாலையென்றால் கையில் நிற்குமே, இது எங்கே நிற்கிறது?
பிள்ளையின் பென்சிலை எடுத்து
ஓரத்தில் திருத்திக்கொண்டே போனேன்,
கணக்கு டீச்சர் மாதிரி.

எழுபத்து மூன்றாம் பக்கம் வரும் வரை.

அங்கே ரத்தமே இல்லை.
பூட்டிக் கிடக்கிற வீடு. ஆளில்லாத அடுப்படி.
யாரோ சோறு வடிக்கிற சத்தம்.
அவ்வளவுதான் எழுதியிருந்தார்.
கொருக்குப்பேட்டை கேட்டைத் தாண்டி
கூட்ஸ் வண்டி போய்க்கொண்டே இருந்தது.
பெட்டிகளை எண்ணினேன், நாற்பத்தொன்று வரை.
அது ஓய்ந்த பிறகு
என் வீட்டுச் சத்தங்கள் ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கின.
கட்டிலுக்கு வெளியே நீட்டியிருந்த காலை
மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டேன்.

போன மழையில் ஒரு ராத்திரி
கம்பெனிப் பக்கமிருந்து கண்ணெரிகிற வாடை வந்தது.
பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன்,
ஒரு காலில் மட்டும் செருப்போடு.
அந்தப் பயத்தில் பக்க எண் போட்டிருக்கவில்லை.
நடுவில் விரலை வைத்து மூடிவிட்டு
ஒரு வாய் தண்ணி குடிக்க முடியவில்லை.
அதனால்தான் இதைப் படிக்கிறேன் என்று
தேசப்பனிடம் சொல்லலாம். சொன்னால் அழகாக இருக்கும்.
ஆனால் அதுவும் நிஜமில்லை.
பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.
பச்சைப் புளியங்காய் மாதிரி.
பல் கூசும். இன்னொரு கடி கேட்கும்.

மறுநாள் நசீமா சரியாகப் பேசவில்லை.
இறால் உரித்துக்கொண்டே
நாலைந்து தரம் திரும்பிப் பார்த்தாள்.
பின்னால் டீசல் கேனைத் தவிர எதுவும் இல்லை.
யார் என்று அவளுக்குத் தெரியும்.
எதற்கு என்று எனக்குத் தெரியும்.
ஒரே மீனின் தலை என்னிடம், வால் அவளிடம்.
அதை நடுவில் வைத்துக்கொண்டு
இருவரும் வேலை செய்தோம்.

ஏலம் முடிந்து கூட்டம் கரைகிற நேரம்
என் காதருகே குனிந்தாள்.
"க்கா, அந்தச் சோறு வடிச்சது யார்னா..."
"சொல்லாதடீ!"
இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன்,
கழுவாத கைகளால்.
கன்னத்தில் ஒரு கோடு இறங்கியது.
பீய்ச்சவில்லை. நிதானமாக,
யோசித்து யோசித்து.

எதிரே, சங்கரா வாங்க வந்தவளின்
துப்பட்டாவைப் பிடித்து நின்ற சிறுமி
என்னைப் பார்த்து வீலென்று அலறினாள்.
தலையைத் துணிக்குள் ஒளித்துக்கொண்டாள்.
அப்புறம்
ஒரு கண்ணை மட்டும் வெளியே விட்டு
மறுபடி பார்த்தாள்.